127 டிகிரி: கணினி உணரிகளின் பிறழ்வும் புள்ளியியலும்

என் மேசைக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. டெர்மினலில் ‘சென்சார்ஸ்’ என்று தட்டினால், எல்எம்-சென்சார்ஸ் என்ற சிறு மென்பொருள் உள்ளே இருக்கும் உணரிகளையெல்லாம் விசாரித்து வரிசையாகக் காட்டும். பிராசசர் 45 டிகிரி, ஃபேன் நிமிடத்துக்கு 1,100 சுற்று, 12 வோல்ட் லைனில் 12.1. பட்டியலின் அடியில் ஒரு வரி மட்டும் 127 டிகிரி என்றது. முதல் தடவை பார்த்தபோது கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பவரை அணைத்துவிட்டு, போர்டில் இருந்த சிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் சுடவில்லை.

காரணம் எளிது. மதர்போர்டின் கண்காணிப்புச் சிப்பில் கூடுதலாக இரண்டு மூன்று உணரிகளுக்கு இடம் இருக்கும். போர்டு செய்தவர்கள் சிலவற்றில் எதையும் இணைக்காமல் விட்டுவிடுவார்கள். எதுவும் இணைக்காத முனையை அளக்கச் சொன்னால் சிப் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். கூட்டல், கழித்தல் குறியோடு 8 பிட்டில் எழுதக்கூடிய உச்ச எண் 127. அளவு அந்த உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

இது அறியாமல் வரும் பொய். அறிந்தே சொல்லும் பொய்யும் உண்டு. 2017-இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசர்கள் வந்தபோது 1800எக்ஸ், 1700எக்ஸ் இரண்டும் வெளியே சொன்ன வெப்பம் உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி அதிகம். எல்லா மாடலுக்கும் ஒரே ஃபேன் கணக்கு பொருந்தட்டும் என்று நிறுவனமே வைத்த கூடுதல் அது. இன்டெல் சிப்புகளின் உள் உணரியோ வெப்பத்தை நேரடியாகச் சொல்வதே இல்லை. எரிந்துபோகாமல் இருக்க வகுத்த உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். வரம்பு 100 என்றால் 100-லிருந்து கழித்து மென்பொருள் நமக்குக் காட்டுகிறது. வரம்பை நெருங்க நெருங்க அளவு துல்லியம். கணினி சும்மா இருக்கும்போது சொல்லும் 32, 35 போன்ற எண்களை அவ்வளவாக நம்ப முடியாது. திரையில் 45.0 என்று புள்ளி வைத்துக் காட்டினாலும் அந்த உணரி பார்ப்பது முழு டிகிரியைத்தான்.

ஆக, விசித்திரமான எண் ஒன்று வந்தால் உணரி பொய் சொல்லியிருக்கலாம், இயந்திரம் பழுதாகியிருக்கலாம், இரண்டும் நன்றாக இருக்க, யாரோ கனமான வேலை ஒன்றை ஓட்டியிருக்கலாம். இவற்றில் எது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பிறழ்வைக் கண்டறிய நூறு ஆண்டுகளாக வந்த முறைகளை அடுக்கிப் பார்த்தால், ஒற்றை எண்ணுக்குத் துணை தேடிய கதையாகவே எனக்குப் படுகிறது. பழைய அளவுகள் ஒரு துணை, பக்கத்து உணரி ஒரு துணை, அந்த நேரத்து வேலைப்பளு ஒரு துணை.

தொடக்கம் கணினிக்கு முந்தியது. 1924 மே 16 அன்று பெல் தொலைபேசி நிறுவனக் குழுமத்தில் வேலை பார்த்த வால்ட்டர் ஷூஹார்ட், தன் மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதில் ஒரு சிறு வரைபடம்: நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அளவு கோடுகளுக்குள் ஆடிக்கொண்டிருந்தால் விட்டுவிடு, வெளியே போனால் காரணம் தேடு. எல்லை சராசரியிலிருந்து 3 திட்ட விலக்கம். அளவுகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் 99.73 சதவீதம் உள்ளேயே விழும். அந்த 3 கணிதத்திலிருந்து பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வீண் தேடலின் செலவையும் தவறவிடுவதன் செலவையும் எடைபோட்டு, தொழிற்சாலை அனுபவத்தில் சரிப்பட்டு வந்த எண் அது.

இந்த விதியை அப்படியே கணினி உணரிக்குப் போட்டால் என்ன ஆகும்? பத்து அளவுகளை எடுத்துக்கொள்வோம்: 44, 45, 46, 45, 44, 46, 47, 45, 44, 127. கடைசி எண் பொய் என்று குழந்தைக்கும் தெரியும். கணக்குப் போட்டால் சராசரி 53.3, திட்ட விலக்கம் 25.9. சராசரியிலிருந்து 127 விலகி நிற்பது 2.84 திட்ட விலக்கம். எல்லை 3. ஆகவே 127 டிகிரிக்கு நற்சான்று கிடைத்துவிட்டது!

நான் எண்களைத் தேடிப் பொறுக்கி எடுத்த வித்தை இல்லை இது. பத்தே அளவுகள் இருக்கும்போது, அவற்றிலிருந்தே சராசரியும் திட்ட விலக்கமும் எடுத்தால், எந்த அளவும் 2.85 திட்ட விலக்கத்தைத் தாண்டவே முடியாது. 127-க்குப் பதில் பத்து லட்சம் என்று எழுதினாலும் இதே கதிதான். குற்றவாளியே நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து தராசைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறான்: தவறான எண் திட்ட விலக்கத்தை ஊதிப் பெரிதாக்கி, அதன் நிழலில் தானே ஒளிந்துகொள்கிறது. புள்ளியியலாளர்கள் இதை மறைப்பு விளைவு என்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் நிரல் துண்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழியில் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுத்தால் இந்தத் தொல்லை விலகும். மேலே உள்ள பத்தின் இடைநிலை 45. ஒவ்வொரு அளவும் 45-லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுதி, அந்தத் தொலைவுகளுக்கும் இடைநிலை எடுத்தால் 1. அதை 1.4826-ஆல் பெருக்கினால், இயல்நிலைப் பரவலில் திட்ட விலக்கத்துக்கு ஈடாகிறது. இந்த அளவுகோலில் 127 நிற்பது 55 மடங்கு தொலைவில். அளவுகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை கெட்டுப்போனாலும் இடைநிலை நிலைகுலையாது. ஃபிராங்க் ஹாம்பெல் 1974-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான இந்த முறை இன்று அவர் பெயரிலேயே வடிகட்டியாக வழங்குகிறது. ஜான் டூக்கி 1977-இல் எழுதிய நூலின் பெட்டிப் படமும் இதே குடும்பம்தான்: நடுப்பாதி அளவுகளின் வீச்சை எடுத்து, அதன் ஒன்றரை மடங்குக்கு அப்பால் நிற்பதைச் சந்தேகி.

ஆனால் பாடப்புத்தகம் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. உணரி முழு டிகிரியில் மட்டும் பேசுகிறது என்றேன். இரவில் சும்மா கிடக்கும் கணினி 38, 38, 38, 39, 38, 38 என்று சொல்லிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் ஒரே எண் என்பதால் விலகல்களின் இடைநிலை 0. பூச்சியத்தால் வகுத்தால் 39 டிகிரி முடிவிலித் தொலைவில் போய் நிற்கும், அலாரம் அடிக்கும். உணரியின் மிகச் சிறிய படி 1 டிகிரி என்றால், அளவுகோலை அதில் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைக்க வேண்டும். கணிதத்தில் இது அழகில்லாத ஒட்டு. நடைமுறையில் இது இல்லாமல் ஒரு ராத்திரி தூங்க முடியாது.

தூக்கம் என்றதும் அலாரங்களின் எண்ணிக்கை நினைவுக்கு வருகிறது. ஒரு டேட்டா சென்டரில் 1,000 சர்வர், ஒவ்வொன்றிலும் 20 உணரி, நிமிடத்துக்கு ஓர் அளவு என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2 கோடியே 88 லட்சம் அளவுகள். எல்லாமே நல்ல நிலையில் இருந்து, எல்லாமே இயல்நிலைப் பரவலில் இருந்தாலும், ஷூஹார்ட் எல்லைக்கு வெளியே தற்செயலாக விழுபவை 0.27 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 77,760 பொய் அலாரம். ஓர் உணரியை மட்டும் பார்த்தால் சராசரியாக 370 அளவுக்கு ஒன்று. தொழிற்சாலையில் மணிக்கு ஒரு திருகாணியை எடுத்து அளந்தவர்களுக்கு அது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. நிமிடத்துக்கு ஒன்று அளக்கும் நமக்கு ஆறே கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஷிஃப்டில் இருப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை அலாரத்தை எழுந்து போய்ப் பார்ப்பார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எல்லையை வகுப்பதே சரி என்பது என் கருத்து. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: முறையைத் தேர்ந்துவிட்டு, அலாரங்கள் குவிந்ததும் அந்த மெயில்களைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், மெதுவாக நகரும் பழுதை ஷூஹார்ட் எல்லை எளிதில் பிடிக்காது. ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி அடைகிறது. தெர்மல் பேஸ்ட் காய்கிறது. நாளுக்கு நாள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சராசரி ஒரு திட்ட விலக்கம் அளவு உயர்ந்துவிட்டாலும், 3 என்ற எல்லை அதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 44 அளவுகள் எடுத்துக்கொள்ளும். 1954-இல் இ. எஸ். பேஜ் கொண்டுவந்த திரள்கூட்டு முறை இங்கே உதவும். எட்டு நாள் ஃபேன் வேகம் வழக்கத்தைவிட எத்தனை திட்ட விலக்கம் கூடியது என்று பார்க்கிறோம்: 0.9, 1.2, 0.4, 1.6, 0.8, 1.9, 1.1, 1.7. ஒன்றுகூட 2-ஐத் தொடவில்லை. தனித்தனியாக எதையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் 0.5 கழித்து மீதியை உண்டியலில் போடுகிறோம். உண்டியல் பூச்சியத்துக்குக் கீழே போக விடுவதில்லை. உண்டியலில் 0.4, பிறகு 1.1, 1.0, 2.1, 2.4, 3.8, 4.4, எட்டாம் நாள் 5.6. எல்லையை 5 என்று வைத்திருந்தால் அன்று மணி அடிக்கும். இந்த அமைப்பில் ஒரு திட்ட விலக்க உயர்வைப் பிடிக்கச் சராசரியாகப் பத்துப் பதினோரு அளவுகள் போதும். உயர்வுக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என இரண்டு உண்டியல் வைத்தாலும் பொய் மணி 465 அளவுக்கு ஒன்றுதான். 1959-இல் ராபர்ட்ஸ் சொன்ன எடையிட்ட நகர் சராசரியும் ஏறத்தாழ இதே பலனைத் தரும். கணக்கு எளிது என்பதால் கண்காணிப்பு மென்பொருள்களில் அதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

இதுவரை சொன்ன எல்லா முறைகளுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: அடுத்தடுத்த அளவுகள் ஒன்றையொன்று சாராதவை. வெப்பம் அப்படி நடந்துகொள்வதில்லை. இந்த விநாடி 60 டிகிரி என்றால் அடுத்த விநாடியும் ஏறக்குறைய 60-தான். இதற்குத் தன்னொட்டுறவு என்று பெயர். அது 0.9 என்று வைத்து, அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்திலிருந்து திட்ட விலக்கத்தைக் கணிக்கும் வழக்கமான சூத்திரத்தைப் போட்டால், கிடைப்பது உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த எல்லைக்கு வெளியே போவது 0.27 சதவீதம் இல்லை, 34 சதவீதம். ஒரு பழுதும் இல்லாத கணினியில் மூன்றுக்கு ஓர் அளவு குற்றவாளி!

இதற்கு மருந்து, அளவை விட்டுவிட்டு மீதியைப் பார்ப்பது. பிராசசர் இப்போது எத்தனை வாட் இழுக்கிறது, அறையின் வெப்பம் எவ்வளவு, சற்று முன் வெப்பம் எவ்வளவு என்பதை வைத்து இப்போது இருக்க வேண்டிய வெப்பத்தைக் கணிக்கலாம். சாதாரண நேர்கோட்டுத் தொடர்புப் போக்கே இதற்குப் போதும். உணரி சொன்னதிலிருந்து கணிப்பைக் கழித்தால் எஞ்சுவது மீதி. வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது 82 டிகிரி இருந்தால் மீதி பூச்சியம்தான், கவலையில்லை. சும்மா இருக்கும்போது 60 டிகிரி என்றால் மீதி 20. எழுந்து பார்க்க வேண்டும். முன்னதைவிடப் பின்னது 22 டிகிரி குறைவு என்பதைக் கவனியுங்கள். வெறும் வெப்ப எல்லையை வைத்திருப்பவர் தவறான நேரத்தில் எழுந்திருப்பார்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்து எழுந்த பொறி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கணினியின் வெப்பம் தன் போக்கில் ஏறி இறங்குவதில்லை. அதைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாடு எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஹீட்சிங்கில் தூசி அடைந்தால் வெப்பம் கொஞ்சம் ஏறும். உடனே மதர்போர்டு ஃபேனை வேகமாகச் சுற்றவிடும். வெப்பம் பழைய இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும். வெப்ப வரைபடத்தை மாதக்கணக்கில் பார்த்தாலும் அங்கே பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. நோய் முழுக்க ஃபேன் வேகத்தில் எழுதப்பட்டிருக்கும். ஃபேனும் உச்சத்துக்குப் போய்விட்டால் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது வெப்பம் 100-இல் கோடு கிழித்தாற்போல் நிற்கும். செய்தி கிகாஹெர்ட்ஸுக்கு இடம் மாறியிருக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வருபவரின் உடம்பைத் தொட்டுப் பார்த்து நோய் இல்லை என்று சொல்லும் வைத்தியரைப் போலத்தான், வெப்பத்தை மட்டும் கண்காணிக்கும் நிரலும்.

எனவே உணரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கான அளவுகோல் நம் நாட்டில் பிறந்தது. 1920-இல் நாக்பூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், கல்கத்தாவில் ஆங்கிலோ-இந்தியர்களிடம் எடுத்த உடல் அளவுகளை ஆராய்ந்து தரும்படி விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் பிரசந்த சந்திர மஹலனோபிஸிடம் கேட்டார். மண்டை அளவு, மூக்கு அளவு, உயரம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. அவற்றைத் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே வித்தியாசத்தை இருமுறை எண்ணியதாகிவிடும். அந்தப் பின்னலைக் கழித்துவிட்டுத் தொலைவு அளக்கும் சூத்திரத்தை அவர் 1936-இல் முழு வடிவில் வெளியிட்டார். மனித இனங்களை ஒப்பிட வந்த அந்தத் தொலைவு இன்று சர்வர் ரேக்குகளில் வேலை பார்க்கிறது.

ஒரு கணினியின் வெப்பச் சராசரி 55, திட்ட விலக்கம் 8. ஃபேன் சராசரி 1,500 சுற்று, திட்ட விலக்கம் 300. இரண்டுக்கும் ஒட்டுறவு 0.9 என்போம். இப்போது வெப்பம் 67, ஃபேன் 1,950. இரண்டுமே ஒன்றரை திட்ட விலக்கம் மேலே. மஹலனோபிஸ் தொலைவு 1.5, சாதாரணம். அதே 67 டிகிரி, ஆனால் ஃபேன் 1,050 என்றால்? தனித்தனியாக இவையும் ஒன்றரை திட்ட விலக்கம்தான்; எந்த ஒற்றை எல்லையும் தாண்டப்படவில்லை. சேர்த்துப் பார்த்தால் தொலைவு 6.7. சூடு ஏறும்போது ஃபேன் இறங்குகிறது என்றால் ஃபேனின் பேரிங் போகிறது, அல்லது ஒயர் மாட்டிக்கொண்டிருக்கிறது. சராசரியையும் ஒட்டுறவையும் கற்றுக்கொள்ளும் தரவிலேயே 127 போன்ற எண்கள் இருந்தால், மறைப்பு விளைவு இங்கேயும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த யோசனைகளை ஒன்றாகக் கட்டிக் கணினிக்கு முதலில் முறையாகக் கொண்டுவந்தவர்களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் கென்னி கிராஸ் முக்கியமானவர். சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் அணு உலை உணரிகளுக்காக உருவான முறையை அவர் சர்வர்களுக்கு எடுத்துவந்தார். நல்ல நாட்களின் நிலைகள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, இப்போதைய நிலை அவற்றில் எவற்றை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வோர் உணரியும் என்ன சொல்ல வேண்டும் என்று கணிப்பது முதல் படி. எஞ்சும் மீதியை ஆபிரகாம் வால்டின் தொடர்வரிசைச் சோதனைக்கு அனுப்புவது இரண்டாம் படி. இரண்டாம் உலகப் போரின்போது 1943-இல் ஆயுதத் தரச்சோதனைக்காக வால்ட் உருவாக்கிய அந்தச் சோதனை 1945-இல்தான் வெளியே வந்தது. பொய் அலாரம் எவ்வளவு தாங்குவாய், தவறவிட்டால் எவ்வளவு தாங்குவாய் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும் சோதனை அது. ஷிஃப்டில் இருப்பவரைப் பற்றி மேலே சொன்னேனே, அவரைக் கணக்குக்குள் உட்காரவைத்தவர் வால்ட்.

ஹார்ட் டிஸ்க் தனி உலகம். அங்கே உணரி சொல்வது வெப்பத்தைவிட எண்ணிக்கைகளை: எத்தனை செக்டர் கெட்டுப்போய் மாற்றப்பட்டன, எத்தனை முறை படிக்க முடியாமல் போயிற்று. பெரும்பாலான டிஸ்க்குகளில் இவை 0. அதற்குப் போய்த் திட்ட விலக்கம் எடுப்பதில் பொருளில்லை. 0 முதல் முறை 1 ஆவதுதான் செய்தி. கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் எழுதிய கட்டுரை இதைக் காட்டியது: முதல் ஸ்கேன் பிழைக்குப் பின் 60 நாளுக்குள் அந்த டிஸ்க் செத்துப்போகும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பத்தைத் தவிர எந்த எச்சரிக்கை எண்ணையும் ஒரு தடவைகூட அசைக்காமல் செத்தன. உணரி சொல்லாததைப் புள்ளியியல் எங்கிருந்து எடுக்கும்?

இயந்திரக் கற்றல் முறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அண்டை அடர்த்தியை ஒப்பிடும் முறை 2000-இலும், தரவைக் கண்டபடி வெட்டி எது சீக்கிரம் தனியாகிறது என்று பார்க்கும் தனிமைக் காடு 2008-இலும் வந்தன. நரம்பு வலையமைப்புகள் இதற்குப் பரவலானது அதன் பிறகு. உணரிகள் நூற்றுக்கணக்கில் இருந்து, அவற்றின் உறவு நேர்கோட்டில் இல்லாதபோது இவற்றுக்கு வேலை உண்டு. ஆனால் இவற்றின் வெற்றிக்குச் சாட்சியாகக் காட்டப்படும் சோதனைத் தரவுகளை ரெஞ்சி வூவும் இமன் கியோவும் 2021-இல் கிளறிப் பார்த்தார்கள். பல தரவுகளில் பிறழ்வை ஒரே வரி நிரலால் பிடித்துவிடலாம். சிலவற்றில் பிறழ்வு என்று குறித்த இடமே தவறு. கடினமான பாடத்தில் முதல் மதிப்பெண் என்று கொண்டாடியது, கேள்வித்தாள் எளிதாக இருந்ததால் வந்த மதிப்பெண். அதைப் படித்த பிறகு, புதிய முறை எதையும் முதலில் இடைநிலை வடிகட்டியோடு மோதவிட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

உறைந்துபோன உணரியையும் சொல்ல வேண்டும், பலரும் அதைத் தேடுவதே இல்லை. மாதம் முழுக்க 41 டிகிரி என்று சொல்லும் உணரி எந்த எல்லையையும் தாண்டாது. அதைத் தனியாகப் பார்க்கும் முறைகள் எல்லாமே அதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கும். ஆடாமல் இருப்பதே குற்றம் என்று சொல்லவும் முடியாது. சும்மா கிடக்கும் கணினி இரவெல்லாம் 38 சொல்லும் என்று மேலே பார்த்தோம். கேட்க வேண்டிய கேள்வி: வேலைப்பளு ஏறியபோது இது ஏறியதா? ஐந்து நிமிடம் பிராசசரை முழுவீச்சில் ஓட்டிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

என் மேசைக்கணினிக்கு வருகிறேன். வாட், அறை வெப்பம் இரண்டையும் வைத்து ஃபேன் வேகத்தைக் கணித்து, மீதியை மேலும் கீழும் இரண்டு உண்டியல்களில் போடும் சிறு நிரலை எழுதி வைத்திருந்தேன். ஏழெட்டு மாதம் ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் உண்டியல் நிரம்பி மணி அடித்தது. கேபினட்டைத் திறந்தால் ஹீட்சிங்கின் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் மெத்தை போல் தூசி. பெயிண்ட் பிரஷால் தட்டி, ஊதி எடுத்துவிட்டு மூடினேன். மறுநாள் காலை மறுபடி மணி. இம்முறை கீழ் உண்டியல்: ஃபேன் இருக்க வேண்டியதைவிட மிக மெதுவாகச் சுற்றுகிறதாம். நிரல் ‘வழக்கம்’ என்று கற்றுக்கொண்டிருந்த முதல் மாதத்திலேயே ஹீட்சிங்கில் பாதித் தூசி இருந்திருக்கிறது. பழைய கணக்கை அழித்துவிட்டு அன்றிலிருந்து புதிதாகக் கற்கவிட்டேன். 127 டிகிரி வரியை அமைப்புக் கோப்பில் ஒரு சொல் எழுதி மறைத்துவிடலாம். மறைக்கவில்லை. இப்போதும் பட்டியலின் அடியில் அது அப்படியே இருக்கிறது.